நெஞ்செரிச்சலுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை: சோதனை முதல் சாப்பாடு வரை

மாத்திரை போட்டால் எரிச்சல் அடங்குகிறது, ஆனால் குனிந்தாலோ படுத்தாலோ சாப்பிட்டது தொண்டைவரை ஏறி வருகிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைக்கும் இந்த அறுவை அதிகம் கைகொடுப்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். பேண்டொப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்குமே தவிர, மேலே ஏறுவதைத் தடுப்பதில்லை. மாத்திரைக்குக் கொஞ்சமும் கேட்காத எரிச்சல் என்றால் அவசரப்பட வேண்டாம். அதற்குக் காரணம் அமிலமாகவே இல்லாமல் இருக்கலாம்.

அதனால் சோதனைகளில் சுருக்குவழி கூடாது. எண்டோஸ்கோப்பியில் புண்ணும், இரைப்பை மார்புக்குள் ஏறியிருப்பதும் தெரியும். அதில் தெளிவான புண் இல்லையென்றால் 24 மணி நேர பி.எச். சோதனை (அமிலத்தை அளப்பது; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) தேவை. மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, உணவுக்குழாயின் கீழ்ச்சுருக்குத் தசைக்கு 5 செ.மீ. மேலே நிறுத்துவார்கள். பி.எச். 4-க்குக் கீழே இருந்த நேரம் மொத்தத்தில் 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 86 நிமிடத்துக்கு மேல் போனால், அமில எதுக்களிப்பு உறுதி. பொதுவாக இதற்கு 7 நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

உணவுக்குழாயின் அசைவையும் தசை அழுத்தத்தையும் அளக்கும் மானோமெட்ரி சோதனையைப் பலர் வீண்செலவு என்று தட்டிக்கழிக்கிறார்கள். அது பெரும் தவறு. அக்கலேசியா நோயில் கீழ்த்தசை திறக்காது. அங்கேயே தேங்கிய உணவு மேலே வருவது எதுக்களிப்பு போலவே தோன்றும். அந்த நோய் உள்ளவருக்குப் போய் இந்த அறுவையைச் செய்தால் தண்ணீர்கூட இறங்காமல் போகலாம்.

ருடால்ஃப் நிஸன் என்ற அறுவை மருத்துவர் 1956-ல் வெளியிட்ட முறை இது. 1991-ல் பெல்ஜியத்தின் பெர்னார் டல்மாஞ் இதை லேப்ராஸ்கோப்பியில் செய்து வெளியிட்டார். வழக்கமாக 5 சிறு துளைகள். பெரியது 10 முதல் 12 மி.மீ. வரை. கார்பன் டை ஆக்சைடால் வயிற்றை உப்ப வைத்து, மார்புக்குள் ஏறிய இரைப்பையைக் கீழே இறக்கி, உணவுக்குழாயில் 2, 3 செ.மீ. வயிற்றுக்குள்ளேயே நிற்கும்படி செய்து, உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அகன்ற துவாரத்தைத் தைத்துச் சுருக்குவார்கள். பிறகு இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாய்க்குப் பின்னால் கொண்டுவந்து, கழுத்தில் துண்டு சுற்றுவதுபோலச் சுற்றுவார்கள். குளித்தபின் துண்டால் முதுகு துவட்டுவோமே, அதே மாதிரி இருபுறமும் இழுத்துப் பார்ப்பார்கள். விட்டதும் அது பின்னால் ஓடிவிட்டால் இழுவிசை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மண்ணீரல் பக்கத்துச் சிறு ரத்தக்குழாய்களைப் பிரித்துத் தளர்த்த வேண்டும். சுற்று 2 செ.மீ. நீளத்துக்கு மேல் போனாலோ இறுகினாலோ விழுங்குவது கஷ்டம். முழுச்சுற்று முறைக்கு நிஸன் என்று பெயர், முக்கால்சுற்று முறைக்கு டூபே என்று பெயர். உணவுக்குழாயின் அசைவு பலவீனமானவர்களுக்கு டூபேதான் பாதுகாப்பு. உங்களுக்கு எது, ஏன் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் 1, 2 நாளில் வீடு திரும்பலாம். தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். உதரவிதானம் உறுத்தப்படும் வலி தோளில் தெரிகிறது. ஓரிரு நாளில் போய்விடும்.

இனி எல்லாம் சாப்பாட்டில்தான் இருக்கிறது. சுற்றிய இடம் வீங்கியிருப்பதால் முதல் சில வாரம் வழி குறுகலாக இருக்கும். முதல் 2 வாரம் கஞ்சி, வடிகட்டிய ரசம், நீர்மோர், இளநீர், கூழ்போல அடித்த சூப். அரை டம்ளர் அளவாக, நாளைக்கு 6, 7 தடவை. அடுத்த 4 வாரம் குழைந்த ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, இடியாப்பம் பாலில், மசித்த வாழைப்பழம், வேகவைத்து உடைத்த மீன். பரோட்டா, சப்பாத்தி, பிரெட், வறண்ட கோழிக்கறி ஆகியவைதான் அதிகம் சிக்கிக்கொள்ளும். பிரெட் ஊறி உருண்டையாக அடைக்கும். சிறு கவளமாக எடுத்து, வாயிலேயே கூழாகும்வரை மெல்லுங்கள். நெஞ்சில் நின்றதுபோல இருந்தால் எழுந்து மெல்ல நடங்கள். அதைத் தள்ள மேலும் மேலும் தண்ணீர் குடிக்காதீர்கள்.

ஏப்பம் எளிதில் வராது, வாந்தியும் வராமல் போகலாம். விழுங்கிய காற்று கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் சோடா, ஸ்ட்ரா, சூயிங்கம் வேண்டாம். கொண்டைக்கடலையும் முட்டைக்கோஸும் சில வாரம் கழித்து. பெரிய மாத்திரைகளைத் திரவமாக மாற்றித்தரச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் நீங்களாகப் பொடிக்கக் கூடாது. மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள், முக்குவது தையலை இழுக்கும். 5 கிலோவுக்கு மேல் 6 வாரம் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் குழந்தையும் இதில் அடக்கம்.

குமட்டல் எழுந்த உடனே மருந்து வாங்குங்கள். ஆரம்ப நாட்களில் ஓங்கரித்தால் தையல் விட்டுச் சுற்று மார்புக்குள் ஏறிவிடக்கூடும். எச்சில்கூட இறங்காதது, காய்ச்சல், மூச்சுத்திணறல், கடும் நெஞ்சுவலி: இவற்றில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

3 மாதம் கடந்தும் விழுங்கச் சிரமம் என்றால் எண்டோஸ்கோப்பியில் பலூன் வைத்து விரிக்கலாம். வருடங்கள் கழித்து எரிச்சல் திரும்பினால் பழைய மாத்திரையைத் தானாகத் தொடங்காமல் பி.எச். சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்படி மாத்திரைக்குத் திரும்பியவர்களில் பலருக்குச் சோதனையில் அமிலம் ஏறுவதே இல்லை.