டீசல் காரின் டெஃப் அமைப்பில் யூரியாப் படிகம் சேராமல் காக்கும் முறை

2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான டீசல் கார்கள் பலவற்றில், டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிற மூடி ஒன்று இருக்கும். அதில் ஊற்றப்படும் டெஃப் (டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட்) அல்லது ஆட்புளூ என்பது 32.5 விழுக்காடு தூய யூரியாவும், எஞ்சிய பங்கு தாது நீக்கிய நீரும் சேர்ந்த கரைசலாகும். அது டீசலோடு கலப்பதில்லை. சூடான சைலன்சர் குழாய்க்குள் தெளிக்கப்பட்டு, அம்மோனியாவாகப் பிரிந்து, வினையூக்கியின் மேல் புகையிலுள்ள நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இதன் தொல்லைகள் நன்கு பழகியவை. கார் வைத்திருப்பவர்களுக்கோ, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் இப்படியொரு கரைசல் வண்டியில் இருப்பதே நினைவுக்கு வருகிறது.

சேரும் படிவுகள் இரண்டு வகைப்படும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கரைசலிலிருந்து நீர் ஆவியாகிப் போனதும் எஞ்சும் வெள்ளை யூரியா முதல் வகை. மூடியின் விளிம்பிலும் குழாய் இணைப்புகளிலும் கரைசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையிலும் காணப்படும் இது தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும். இரண்டாவது வகை சைலன்சர் குழாய்க்குள் உண்டாவது. போதிய சூடில்லாத சுவரில் கரைசல் படலமாகப் படியும்போது, யூரியா முழுதும் அம்மோனியாவாக மாறாமல், பையூரெட், சயனூரிக் அமிலம் போன்ற கெட்டியான பொருள்களாக மாறிவிடுகிறது. இவை தண்ணீருக்கு எளிதில் அசைவதில்லை. நீக்குவதற்குக் கடும் வெப்பம் வேண்டும். ஆகவே தடுக்க வேண்டியது முக்கியமாக இந்த இரண்டாவது வகையைத்தான். குளிரில் கரைசல் உறைந்துவிடுமோ என்ற கவலை நமக்குத் தேவையில்லை. உறைவதற்கு அது மைனஸ் 11 டிகிரிக்கு இறங்க வேண்டும். உதகையின் மார்கழி இரவுகூட அவ்வளவு குளிர்வதில்லை.

கரைசலின் தூய்மையே அடிப்படை. ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தின்படி இதில் பையூரெட் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கால்சியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயல்காட்டுக்குப் போடும் யூரியா மூட்டை வீட்டிலேயே இருக்க, கேனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம் பக்கம் இன்னும் உண்டு. அந்த யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதில் பையூரெட்டும் மிகுதி. மானிய விலை உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம் என்பது தனி. கரைக்க எடுக்கும் நீரும் சிக்கலானதே. பெருந்துறையிலோ பல்லடத்திலோ போர்வெல் தண்ணீர் காய்ந்த வாளியில் வெள்ளைத் திட்டு படிவதைப் பார்த்தவர்கள், அதே சுண்ணாம்பு இன்ஜெக்டரின் மயிரிழைத் துளைகளில் படிந்தால் என்னவாகும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும், இந்த அளவுகோலுக்கு அதுவும் போதாது. ரிஃப்ராக்டோமீட்டரில் 32.5 காட்டுகிறது என்று சொல்லி விலை குறைந்த கரைசலை விற்பவர்களையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. அந்தக் கருவி செறிவை மட்டுமே காட்டும், அழுக்கைக் காட்டாது.

தூய கரைசலும் வெயிலில் கெடும். 25 டிகிரிக்குள் வைத்தால் பதினெட்டு மாதமும், 30 டிகிரியில் ஓராண்டும், 35 டிகிரியில் ஆறு மாதமும் தாங்கும் என்பது தரநிலையின் கணக்கு. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரை போட்ட ஷெட்டில் கிடக்கும் கேனின் ஆயுள் இன்னும் குறையும். எனவே தயாரித்த தேதியைப் பார்த்து, அடுத்த சில மாதங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வீட்டுக்குள் நிழலில் இறுக மூடி வைப்பது நல்லது. தள்ளுபடி கிடைக்கிறதென்று நான்கைந்து கேன் வாங்கிக் குவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்த கேனில் மீதி வைப்பதையும் தவிர்க்க வேண்டும். நீர் போகப்போகச் செறிவு ஏறி, வாய்ப்பகுதியில் படிகம் கட்டத் தொடங்கும்.

இனி ஓட்டும் முறைக்கு வருவோம்; கார்களில் படிவு சேர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது. புகையின் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரியை எட்டிய பிறகே கரைசல் தெளிக்கத் தொடங்கும். கோவையில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து காந்திபுரம் போய், கடைவீதியில் நின்று, மறுபடி வீடு திரும்பும் ஓட்டத்தில் குழாய் அந்த எல்லையை ஒட்டியே நிற்கும்; தெளிப்பு தொடங்கும், சுவரோ இன்னும் போதிய சூடேறியிருக்காது. கல்யாண மண்டப வாசலில் ஏசிக்காக என்ஜினை நெடுநேரம் ஓடவிடுவதும் குழாயைக் குளிரவைத்து அதே நிலைக்குக் கொண்டுபோகும். இதற்கு மாற்று எளிது: வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். சேலம் கொச்சி சாலையில் அவிநாசி முதல் பவானி வரை போய் வந்தாலே போதும். திம்பம் ஏற்றத்தின் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளும் குழாயை நன்றாகச் சூடேற்றும். இறக்கத்தில் அது குளிர்ந்துவிடும் என்பதால், இறங்கிய கையோடு நிறுத்தாமல் சமவெளியில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துவது என் வழக்கம். புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேளையில், ஐடில் வேகம் சற்றே ஏறும், மைலேஜ் குறையும், ஃபேன் சத்தமாக ஓடும். அப்போது என்ஜினை அணைத்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். படிவை இளக்கக்கூடிய வெப்பமும் வீணாகிறது.

சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் பின்பக்கம் சிறிது நேரம் ஒரு ரீங்காரம் கேட்கும். பல கார்களில் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயிலுள்ள கரைசலைப் பம்ப் டெஃப் டாங்குக்குத் திரும்ப இழுக்கும் சத்தம் அது. அந்நேரத்தில் பேட்டரி இணைப்பைக் கழற்றினால், மீந்த கரைசல் சூடான இன்ஜெக்டர் முனையில் காய்ந்து அங்கேயே படிகமாகிவிடும். பேட்டரி மாற்றும் வேலை இருந்தால், அணைத்துச் சில நிமிடம் கழித்தே கை வைக்க வேண்டும்.

ஊற்றும்போது, கேனோடு வரும் பிளாஸ்டிக் குழாயையே பயன்படுத்த வேண்டும். டீசலுக்கோ ஆயிலுக்கோ பயன்பட்ட புனலைத் தொடவே கூடாது. பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய பாத்திரங்களும் ஆகா. டாங்கை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் பெயின்ட் கெடுவதோடு, ஒயர் கனெக்டர்களுக்குள் ஊர்ந்துபோய் அங்கும் படிகம் கட்டும். தவறி டீசல் டாங்கில் ஊற்றிவிட்டாலோ, டெஃப் டாங்கில் டீசல் விழுந்துவிட்டாலோ, சாவியைத் தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சர்வீசுக்குப் போவதே வழி.

மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இன்ஜெக்டரைக் கழற்ற நேர்ந்தால் வெந்நீராக்கிய டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைக்கலாம். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை அகன்று தெளிப்பே கெட்டுவிடும். படிகம் கரைக்கும் மருந்து என்று விற்கப்படுபவற்றை, வண்டியின் கையேடு அனுமதித்தாலன்றி டாங்கில் கலக்க வேண்டாம். இன்ஜெக்டர் பொருத்தப்பட்ட இடத்தில் வெளிப்புறமாக வெள்ளைக் கட்டி தெரிந்தால், அங்கே கேஸ்கட் வழியாகப் புகை கசிகிறது. சுத்தம் செய்வதோடு கேஸ்கட்டையும் மாற்றாவிட்டால் கட்டி மறுபடி வரும். சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்டுத் தண்ணீருக்கு அசையாத படிவென்றால், ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீசில் குழாயை வலிந்து சூடேற்றித்தான் நீக்க முடியும்.