பி-பேஸைப் பழக்கலாம் வாங்க: தந்தியில் தொடங்கி கெபாசிட்டர் வரை

பிரிசிஷன் பேஸ், அதாவது பி-பேஸ் என்ற பேஸ் கிட்டார், வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த பிக்கப் மாத்தலாம்?" (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப்.) இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த கிட்டாரின் ஒலியில் பெரும்பங்கு தந்தியிலும், பிக்கப்பின் உயரத்திலும், பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தி மாட்டும் உலோகப் பாகம்) அருகே செருகும் ஒரு துண்டு ஃபோமிலும் இருக்கிறது. மூன்றுக்கும் ஆகிற செலவு பெரும்பாலும் ஒரு நல்ல பிக்கப் விலையைவிடக் குறைவு. பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடலாம்.

லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பேஸ் இது. இன்று நாம் பார்க்கும், இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும் பிக்கப் 1957இல் வந்தது. ஒரு வால்யூம், ஒரு டோன், நான்கு தந்தி, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. வேறு எந்த கம்பெனி இதே அமைப்பில் செய்த பேஸாக இருந்தாலும் கீழே உள்ளது பொருந்தும்.

தொடங்கும் முன்

ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர், ட்யூனர், மில்லிமீட்டர் போட்ட ஸ்டீல் ஸ்கேல், வயர் கட்டர் போதும். சால்டரிங் அயர்ன் கடைசிப் படிக்கு மட்டும். இன்னொன்று, தெரிந்த ஒரு பேஸ் லைனை இப்போதே போனில் பதிவு செய்து வையுங்கள். ஆம்ப் எந்த அளவில் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் அதே லைனை அதே அளவில் மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் நான்கு விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

படி 1: தந்தி

கடையிலிருந்து வரும் பேஸில் பெரும்பாலும் ரவுண்ட்வூண்ட் தந்திதான் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) இருக்கும். விரலை ஓட்டினால் சொரசொரப்பு தெரியும். ஒலி பளிச்சென்று இருக்கும். பிளாட்வூண்டில் மேலே சுற்றிய உலோகம் தட்டைப் பட்டை, அதனால் வழவழப்பு. விரல் நகரும் கீச்சு சத்தம் ஏறக்குறைய காணாமல் போகும்; ஒலி கனத்து, உருண்டு வரும். மோடவுன் என்ற அமெரிக்க சோல் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பிளாட்வூண்ட் போட்ட பி-பேஸ்தான். அது மந்தமான ஒலி என்று ஒதுக்குபவர்கள் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸைக் கேட்டுப் பார்க்கலாம். குதிரை பாய்வது போன்ற அந்த வாசிப்பும் பிளாட்வூண்டில்தான்.

வாங்கும்போது 34 அங்குல ஸ்கேலுக்கான (ஸ்கேல் என்றால் இங்கே தந்தி அதிரும் நீளம்) லாங் ஸ்கேல் செட்டா என்று பாருங்கள். பழைய தந்திகளை மொத்தமாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் நெக்கின் (கழுத்துப் பகுதியின்) மேல் உள்ள இழுவை திடீரென்று மாறாது. தந்தியை பிரிட்ஜில் கோத்து, ட்யூனிங் தண்டைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விடுங்கள். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று பிரிந்து தந்தியே பாழாகலாம். நுனியைத் தண்டின் நடுத் துளையில் இறக்கி, சுற்று கீழ்நோக்கி இறங்கும்படி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் சரியாக உட்காரும்.

படி 2: நெக், தந்தி உயரம், இன்டொனேஷன்

பிளாட்வூண்ட் செட்டுகள் பலவற்றில் இழுவை அதிகம். நெக் முன்னால் கொஞ்சம் வளையும். முதல் பிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் பிரெட்டுகள்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேபோ கிளிப் போட்டு, நெக் உடலோடு சேரும் பிரெட்டில் மிகத் தடித்த ஈ தந்தியை அழுத்திக்கொண்டு, எட்டாவது பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் இடைவெளி பாருங்கள். சுமார் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. அதிகம் என்றால் நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் திருப்பு. குறைவு என்றால் எதிர்ப்பக்கம் கால் திருப்பு. ஒவ்வொரு கால் திருப்புக்குப் பிறகும் மறுபடி ட்யூன் செய்து அளங்கள். திருகு இறுகினால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டும் இடமில்லை இது. பழைய பாணி நெக்குகளில் ராடின் திருகு உடல் பக்கம் மறைந்திருக்கும். நெக்கைக் கழற்றினால்தான் எட்டும். அந்த வகை என்றால் முதல் தடவை பழகியவரிடம் கொடுப்பதே மேல்.

தந்தி உயரத்தைப் பதினேழாவது பிரெட்டில் அளங்கள். ஈ தந்திக்கு சுமார் 2.4 மி.மீ., மிக மெல்லிய ஜி தந்திக்கு சுமார் 2 மி.மீ. என்று தொடங்கி, விரலுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். அழுத்தி வாசிப்பவருக்குக் கொஞ்சம் உயரமே சுகம்.

இன்டொனேஷனுக்கு, அதாவது எல்லா பிரெட்டிலும் சுருதி சரியாக ஒலிக்க, பன்னிரண்டாவது பிரெட்டில் தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி ஹார்மோனிக்கை எழுப்பி ட்யூன் செய்யுங்கள். பிறகு அதே பிரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

படி 3: பிக்கப் உயரம்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். சில ஸ்க்ரூவைத் திருப்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனால் வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும். கடைசி பிரெட்டில் தந்தியை அழுத்தி, காந்த முனைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடையில் அளங்கள். ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் சுமார் 2 மி.மீ. தொடக்கப் புள்ளி. கிட்டே கொண்டுவந்தால் சத்தம் கூடும், அடி கூர்மையாகும். மிகவும் கிட்டே போனால் காந்தம் தந்தியையே இழுத்து, தடித்த தந்தி மேல் பிரெட்டுகளில் சுருதி கலங்கி ஒலிக்கும். இறக்கினால் ஒலி தளர்ந்து, மூச்சு விட இடம் கிடைக்கும். பிக்கப்பின் இரண்டு துண்டும் தனித்தனி என்பதால் ஈ-ஏ ஜோடியையும் டி-ஜி ஜோடியையும் தனியே சமன் செய்யலாம். நான்கு தந்தியையும் ஒரே பலத்தில் வாசித்து, எது முந்துகிறது என்று கேளுங்கள். முந்துகிற ஜோடியை இறக்குவதுதான் பெரும்பாலும் சரியான திசை.

படி 4: ஃபோம்

பழைய பி-பேஸ்களில் பிரிட்ஜ் மேல் ஒரு உலோக மூடி இருக்கும். அதன் உள்பக்கம் தந்தியை அணைக்க மெத்தென்ற ஒரு பட்டை வைத்திருப்பார்கள். இப்போது மூடி வருவது அரிது, ஒரு ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டால் ஆயிற்று. நான்கு தந்தி அகலம், ஒரு விரல் தடிமன். சாடிலுக்குச் சற்று முன்னால் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். தந்தியை லேசாகத் தொட்டால் போதும், மேலே தூக்கக் கூடாது. செருகிய பின் சுருதியை மறுபடி பாருங்கள். நீண்டு ஒலித்த சுரம் இப்போது 'தம்' என்று விழுந்து சட்டென்று அடங்கும். கிக் டிரம்மோடு சேர்த்து வாசித்தால் இதன் அருமை புரியும். தனியாக வாசிக்கும்போது வறட்சியாகத் தோன்றினால் கவலை வேண்டாம்.

படி 5: டோன் கெபாசிட்டர்

டோன் குமிழைக் குறைக்கும்போது மேல் அலைவரிசைகளை கிரவுண்டுக்கு அனுப்புவது கெபாசிட்டர்தான். குமிழ் முழுவதும் திறந்திருந்தால் இதை மாற்றியும் பெரிதாக எதுவும் கேட்காது. ஆக, டோனை எப்போதும் முழுதாகத் திறந்தே வாசிப்பவர் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

பொதுவாக இருப்பது 0.047 மைக்ரோஃபாரட், மேலே 473 என்று அச்சடித்திருக்கும். 104 என்றால் 0.1, இன்னும் இருட்டான ஒலி. ஐம்பதுகளின் பி-பேஸ்களில் இருந்த மதிப்பு. 223 என்றால் 0.022, குமிழை மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். ஃபிலிம் வகைக்கு எந்தக் கால் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. விலை உயர்ந்த 'விண்டேஜ்' கெபாசிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். மதிப்பு ஒன்றென்றால் காதுக்கும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

கேபிளைப் பிடுங்கிவிட்டு, தந்திகளைத் தளர்த்தி, பிக்கார்டு (முன்பக்கத் தட்டு) ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்குங்கள். முதலில் வயரிங்கைப் படம் எடுங்கள். பழைய கெபாசிட்டரின் ஒரு காலை மட்டும் சால்டர் உருக்கி விடுவித்து, புதியதை முதலை கிளிப்புகளால் மாட்டி வாசித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் சால்டர். ரோசின் கலந்த எலக்ட்ரானிக்ஸ் ஈயக் கம்பியே வேண்டும். அயர்னால் இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் கம்பி தானாக உருக வேண்டும். அயர்ன் நுனியில் உருக்கிச் சொட்டவிட்டால் பிடிக்காது. பிக்கார்டை மூடியதும் சத்தமே இல்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு வெற்று வயர் பக்கத்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி வாசிப்பு

டோனைப் பாதியில் வையுங்கள். பிக்கப்புக்கும் நெக்குக்கும் நடுவில் மீட்டினால் ஒலி தடித்து வரும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக இறுகும். ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே வாசித்தவர். நீங்களும் கொஞ்ச நேரம் ஒரே விரலில் முயன்று பாருங்கள், ஒவ்வொரு அடியும் ஒரே எடையில் விழும். சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதையும் கேளுங்கள். இடது கை விரலைத் தளர்த்தி நிறுத்தும் இடத்தில்தான் தாளம் உட்காரும். ஃபோமைச் செருகாத நாளில், உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் சாய்த்து கட்டைவிரலால் மீட்டினால் கிட்டத்தட்ட அதே ஒலி வரும்.

இதற்கெல்லாம் பிறகும் பிக்கப் ஆசை போகவில்லையா? சரி, முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் போட்டுக் கேளுங்கள். இன்னும் என்ன குறைகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் கடைக்குப் போகலாம். கழற்றிய பிக்கப், கெபாசிட்டர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு கேஸிலேயே வையுங்கள். என்றைக்காவது விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.