கப்பலில் வந்தவர்களுக்கு வீடும் வேலையும்: 1841 சிட்னியில் நடந்த, தவிர்த்திருக்க வேண்டிய தவறுகள்

1841 இல் சிட்னியில் ஒரே சமயத்தில் இரண்டு புலம்பல்கள். உள்நாட்டு ஆட்டுப் பண்ணைக்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். துறைமுகப் பக்கமோ, இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து இறங்கிய இளம்பெண்கள் வேலையின்றி, படுக்க இடமின்றி, பூங்காவிலும் பாறை இடுக்குகளிலும் இரவைக் கழித்தார்கள். வேலையும் இருந்தது, ஆளும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் யாரும் இல்லை.

அதைச் செய்தவர் கரோலின் சிஷோம். நம் ஊரோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1834 இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் மகள்களுக்காகக் கரோலின் மதராஸில் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். எழுத்துப் படிப்போடு சமையலும் வீட்டு நிர்வாகமும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். 1838 இல் குடும்பம் சிட்னி போனது. 1840 இல் கணவர் மறுபடி படைக்குத் திரும்ப, கரோலின் பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் சரிசெய்த தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புவது தெரியும். தங்க இடம் தருவது ஒருவர் பொறுப்பு, வேலை தேடித் தருவது இன்னொருவர் பொறுப்பு என்று பிரித்துவிட்டதுதான் அது.

கரை இறக்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது

அப்போது நடைமுறையில் இருந்தது பவுண்டி முறை. குடியேறிகளைக் கொண்டுவந்து இறக்கும் முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். ஆள் உயிரோடும் தகுதியோடும் சிட்னி வந்து சேர்ந்தால் போதும், பணம் கைக்கு வரும். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனால் முகவருக்கு என்ன? தனியாக வரும் பெண்கள் மணமான ஒரு தம்பதியின் பாதுகாப்பில் வர வேண்டும் என்று விதி இருந்தது. பல பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு காகிதத்தோடு சரி. கப்பல் நின்றதும் காப்பாளர் தம்பதி தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கப்பலில் தங்க அனுமதித்ததும் சில நாட்களுக்கு மட்டுமே. கப்பலுக்கே வந்து வேலைக்கு ஆள் எடுத்தவர்களில் எல்லாரும் நல்லவர்களும் இல்லை.

பணத்தை எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோமோ, அக்கறையும் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். பிற்பாடு நடந்த பல கோளாறுகளுக்கு இந்த ஏற்பாடே வேர் என்பது என் எண்ணம்.

விடுதியைத் தானமாக நினைப்பது

இந்தப் பெண்களுக்கு விடுதி வைக்கக் கரோலின் இடம் கேட்டபோது, சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் கவர்னர் ஜார்ஜ் கிப்ஸ் முதலில் தயங்கினார். அப்புறம், அரசுக்கு ஒரு காசு செலவு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பழைய குடியேற்றக் கொட்டடியில் கொஞ்சம் இடம் கொடுத்தார். 1841 அக்டோபரில் வேலை தொடங்கியது. கரோலினுக்குக் கிடைத்தது ஒரு சின்னச் சாமான் அறை. முதல் இரவே எலிகள் படையெடுத்தன. அவர் அறையை விட்டுப் போகவில்லை. சில நாள் ரொட்டி போட்டு எலிகளைப் பழக்கி, பிறகு அதே ரொட்டியில் விஷம் வைத்தார்.

ஏறக்குறைய நூறு பெண்கள் அந்த விடுதியில் தங்க முடிந்தது. ஆனால் அதன் பலம் படுக்கைகளின் எண்ணிக்கையில் இல்லை. அதே கட்டடத்தில் கட்டணம் வாங்காத வேலைப் பதிவகம் ஒன்றும் இருந்தது. உள்ளே வருகிறவருக்கு வெளியே போகும் வழியும் அங்கேயே கிடைத்தது. 1842 இல், தேவை குறைந்ததும் விடுதியை மூடினார்கள். அதை நான் வெற்றியாகவே பார்க்கிறேன்.

எந்த மதம் என்று முதலில் கேட்பது இன்னொரு தவறு. கரோலின் கத்தோலிக்கர். அதனால் புரோட்டஸ்டண்டுகள் சந்தேகப்பட்டார்கள், அவருடைய சொந்தச் சபையினரும் உடனே ஆதரிக்கவில்லை. அவர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எல்லாரையும் துறைமுகத்தில் குவிப்பது

1841 இல் பொருளாதாரம் சரியத் தொடங்கியிருந்தது. நகரத்து வீடுகளில் வேலைகள் சுருங்கின. கப்பல்களோ வந்துகொண்டே இருந்தன. கரோலின் செய்த முதல் காரியம் கடிதம் எழுதியது. கவர்னரிடம் இலவச அஞ்சல் அனுமதி வாங்கி, உள்நாட்டில் இருந்த பாதிரியார்கள், நீதிபதிகள், நில உரிமையாளர்களுக்கு எல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பினார். உங்கள் பக்கம் ஆள் வேண்டுமா, எத்தனை பேர், என்ன கூலி தருவீர்கள்? பதில்கள் வந்த பிறகுதான் வண்டி கட்டினார்.

அந்த முதல் வண்டிகள் கிளம்பவே இல்லை. காட்டைப் பற்றியும் வழிப்பறிக்காரர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்த பெண்கள் ஏற மறுத்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். வாழ்க்கையில் பார்த்திராத ஊருக்கு, பெயர் தெரியாத முதலாளியிடம் தனியாகப் போ என்றால் எப்படிப் போவது? அடுத்த முறை கரோலினே ‘கேப்டன்’ என்ற வெள்ளைக் குதிரையில் ஏறிக் கூடவே போனார். வழியில் இருந்த பண்ணைகளில் நல்ல குடும்பமாகப் பார்த்து ஒவ்வொரு பெண்ணையும் விட்டுக்கொண்டே முன்னேறினார். சத்திரக்காரர்கள் பலர் அவரிடம் பணம் வாங்கவில்லை. மெய்ட்லாண்ட், கோல்பர்ன், யாஸ் என்று உள்நாடு முழுக்க இப்படிப் பயணங்கள் நடந்தன. 1846 வரை அவர் வழியாக வேலையோ நிலமோ பெற்றவர்கள் ஏறக்குறைய 11,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

வாய்ப்பேச்சில் வேலைக்கு வைப்பது

இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840 இல் நின்றது. அதுவரை பல பண்ணைகளில் வேலை செய்தது அரசு ஒதுக்கிக் கொடுத்த கைதிகள். கூலி பேசிப் பழக்கமில்லாத முதலாளிகள் இப்போது சுதந்திரமான மனிதர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. சட்டமும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப் போன வேலைக்காரரைச் சிறையில் போட முடியும்.

அதனால் கரோலின் ஒவ்வொரு வேலைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடவைத்தார். கூலி எவ்வளவு, சாப்பாட்டுப் பங்கு என்ன, எத்தனை காலம் என்று எல்லாம் அதில் இருக்கும். முதலாளிக்கு ஒரு பிரதி, வேலைக்காரருக்கு ஒன்று, பதிவகத்துக்கு ஒன்று. மூன்றாவது பிரதிதான் உயிர்நாடி. பிரதி மூன்றாமவர் கையிலும் இருக்கும்போது, “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று முதலாளி மழுப்ப முடியாது. தொலைதூரப் பண்ணையில் இருக்கும் பெண் தன் காகிதத்தைத் தொலைத்துவிட்டாலும் ஆதாரம் போகாது. வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும் முதலில் கைக்கொள்ள வேண்டிய வழக்கம் இதுதான் என்பேன்.

குடும்பத்தைச் சுமையாகப் பார்ப்பது

பண்ணைக்காரர்கள் பிள்ளைகுட்டி இல்லாத ஆளாகவே தேடினார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் சிட்னியிலேயே தேங்கினார்கள். 1843 இல் ராபர்ட் டவுன்ஸ் என்ற வணிகருக்குச் சொந்தமான ஷெல்ஹார்பர் நிலத்தில் 23 குடும்பங்களைக் கரோலின் குடியேற்றினார். கூலி வேலையே கிடைக்காதவர்களுக்குச் சாகுபடி நிலம் கிடைத்தது. பெரிய நில உரிமையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. எல்லாரும் சொந்தமாகப் பயிர் செய்யப் போய்விட்டால் கூலிக்கு யார் வருவார்?

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை அன்று குடியேற்றத்தை நடத்தியவர்கள் கேட்கவில்லை. பழங்குடி மக்களிடமிருந்து பறித்த மண்ணில்தான் இந்த வீடுகளும் பண்ணைகளும் எழுந்தன. கரோலினை மதிக்கும்போதும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கொடுமையை மூடிமறைப்பது

1842 இல் ‘கார்த்தஜீனியன்’ கப்பலில் வந்த ஒரு பெண்ணைக் கேப்டனும் கப்பல் மருத்துவரும் கொடுமைப்படுத்தியிருந்தார்கள். வழக்குப் போட வேண்டும் என்று கரோலின் விடாப்பிடியாக நின்றார். இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் அபராதமும் கிடைத்தன. எதற்கு வீண் வம்பு என்று அப்போது விட்டிருந்தால், அடுத்து வந்த கப்பல்களிலும் அதுவே நடந்திருக்கும்.

வந்தவர்களிடம் கேட்காமல் திட்டம் போடுவது

1845 வாக்கில் கரோலின் கேள்வித் தாள்களோடு உள்நாட்டில் சுற்றினார். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், இப்போது என்ன சம்பாதிக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, 600 பேருக்கு மேல் சொன்னதை எழுதிக்கொண்டார். 1846 இல் இங்கிலாந்து போனபோது அதிகாரிகள் முன்பும், புறப்படக் காத்திருந்த குடும்பங்கள் முன்பும் அவர் வைத்த சான்று அதுதான்.

1854 இல் ஆஸ்திரேலியா திரும்பி, அதன் விக்டோரியா பகுதியில் வந்து இறங்கியவர், தங்க வயல்களுக்கு நடந்து போகும் குடும்பங்கள் சாலையோரம் வெட்டவெளியில் படுப்பதைப் பார்த்தார். அரசிடம் வாதாடி, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாகத் தங்கும் கொட்டகைகள் போடவைத்தார்.