லிஃப்ட்ல உங்க எடை ஏறி இறங்குறத நீங்களே பாக்கலாம்

லிஃப்ட் மேல கிளம்பும்போது கால் தரையோட அழுந்துற மாதிரியும், கீழ இறங்க ஆரம்பிக்கும்போது வயித்துல ஜிவ்வுனும் இருக்கும்ல, அது பிரமை இல்ல, எடை மெஷின்லயே தெரியும்.

முதல்ல மெஷின். டிஜிட்டல் வேணாம், நிறைய டிஜிட்டல் மெஷின் நம்பர் வந்ததும் அப்படியே லாக் ஆயிடும். நான் அதத்தான் முதல்ல தூக்கிட்டு போனேன், பத்து மாடி ஏறி இறங்கியும் 60லயே நின்னுச்சு, கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதிரி பாத்ததுதான் மிச்சம். முள்ளு சுத்துற ஸ்பிரிங் மெஷின்தான் சரி.

லிஃப்ட் நிக்கும்போதே ஏறி எடைய பாத்துக்கோங்க, 60 கிலோனு வைங்க. இப்ப மேல் மாடி பட்டன அமுக்கிட்டு முள்ள ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுங்க, ஏன்னா எல்லாம் ஒண்ணு ரெண்டு செகண்டுல முடிஞ்சிரும். கிளம்புறப்ப முள்ளு 66 பக்கம் எகிறும், நடுவுல ஒரே வேகத்துல போறப்ப திரும்ப 60, மாடி வந்து நிக்கப் போறப்ப 54க்கு இறங்கும். கவனிங்க, மேலதான் போயிட்டிருக்கோம், ஆனா எடை குறையுது! மேல போனா கூடும், கீழ வந்தா குறையும்னு மனப்பாடம் பண்ணவங்க எல்லாம் இங்கதான் மாட்டுவாங்க. எந்தப் பக்கம் போறோம்ங்கிறது கணக்கே இல்ல, முடுக்கம், அதாவது வேகம் மாறுறது, எந்தப் பக்கம்ங்கிறதுதான் கணக்கு; மேல போறப்ப வேகம் குறைஞ்சா முடுக்கம் கீழ் பக்கம். கீழ வரும்போது இதே அப்படியே தலைகீழ், முதல்ல 54, கடைசில 66.

ஏன்னா மெஷின் பூமியோட இழுவைய அளக்கல, உங்கள தாங்க அது எவ்ளோ தள்ள வேண்டியிருக்கோ அதத்தான் காட்டுது. மேல் பக்கமா வேகம் கூட்டணும்னா கூடுதலா தள்ளணும், அவ்ளோதான்.

கணக்கு போடணுமா? பூமி ஈர்ப்பால வர்ற முடுக்கம் 9.8 மீ/வி², அது கூட லிஃப்டோட முடுக்கத்த கூட்டி, 9.8ஆல வகுத்து, எடையால பெருக்குங்க. முடுக்கம் 1 மீ/வி² னா 10.8 ÷ 9.8 × 60 = 66.1. கீழ் பக்க முடுக்கம்னா கழிச்சிருங்க, 53.9 வரும்.

கழிச்சுக் கழிச்சு 9.8ஏ போயிட்டா? பூஜ்யம். விண்வெளி நிலையத்துல நடக்குறது இதான், 400 கிலோமீட்டர் உயரத்துலயும் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு, ஆனா நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துட்டு இருக்கறதால மிதக்குறாங்க. நம்ம முள்ளு மெஷின் அங்க சும்மாதான் கிடக்கும், அதனால அவங்க ஸ்பிரிங் மேல உக்காந்து ஆடி, ஒரு ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வச்சு எடை பாக்குறாங்க.