விளையாட்டு ஆங்கிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. புதிதாக ஆங்கிலத்தில் எழுத வருபவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எழுத்துப்பிழையையும் இலக்கணப்பிழையையும் விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு மென்பொருளே போதும். விளையாட்டிலிருந்து அன்றாட ஆங்கிலத்துக்கு வந்த தொடர்களில்தான் அது பெரும்பாலும் கோட்டை விடுகிறது.

விளையாட்டு தெரிந்தால் போதும் என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இது. 'பார்' (par) என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கோல்ஃபில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எத்தனை அடி தேவை என்பதுதான் பார். பெரும்பாலும் 3, 4 அல்லது 5. அதைவிடக் குறைவாக முடித்தால் 'அண்டர் பார்'. அது பெருமை. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் 'இன்று அண்டர் பார்' என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை.

ஏன் இப்படி? பார் கோல்ஃபில் பிறந்த சொல்லே அல்ல. சமம் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. வணிகத்தில் பங்குகள், பத்திரங்களின் முகமதிப்பைக் குறித்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கோல்ஃபுக்குள் நுழைந்தது. அதற்குக் கீழே போனால் மட்டம் என்ற பழைய பொருள் வெளியே அப்படியே இருக்கிறது.

'பார் ஃபார் தி கோர்ஸ்' இதைவிட ஆபத்தானது. மைதானத்தில் பார் எடுத்தால் நல்ல ஆட்டம். வெளியே அந்தத் தொடருக்கு 'வழக்கம்போலத்தான், வேறென்ன எதிர்பார்க்க முடியும்' என்ற சலிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோல்ஃபை விரும்பிப் பார்க்கும் இளைஞர் ஒருவர், வாடிக்கையாளருக்கு எழுதிய நன்றி மடலில் 'உங்கள் குழுவின் ஒத்துழைப்பு, எப்போதும்போல, பார் ஃபார் தி கோர்ஸ்' என்று முடித்திருந்தார். மனதாரப் பாராட்டினார், பாவம். படித்தவர்களுக்கோ 'உங்கள் லட்சணம் தெரிந்ததுதானே' என்று கேட்டது. பதிலே இல்லை. பிறகு அவர்களுடைய மேலாளர் அழைத்து, "எங்களிடம் என்ன குறை கண்டீர்கள்?" என்றார். விளக்கினோம், மன்னிப்பும் கேட்டோம். கையெழுத்தாகவிருந்த ஒப்பந்தம் தள்ளிப்போய், கடைசியில் கைநழுவியது.

எனக்கு அந்த இளைஞர்மேல் கோபமில்லை. பொருளை மட்டும் கொடுத்துவிட்டுத் தொனியைச் சொல்லாமல் விடும் மரபுத்தொடர்ப் பட்டியல்கள்மேல்தான் கோபம். ஒரு தொடரைக் கையாளும் முன் செய்தித்தாள்களில் அது வரும் நாலைந்து வாக்கியங்களைப் படியுங்கள். அதற்கு முன்னால் வருவது பாராட்டா, புகாரா? அதைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

சுவையான கதையை நம்புவது

கடைசி நொடியில் தப்பிப்பதைச் சொல்லும் 'சேவ்டு பை தி பெல்' என்பதற்கு, உயிரோடு புதைக்கப்பட்டவர் அடிப்பதற்காகச் சவப்பெட்டியில் மணி கட்டிய கதை ஒன்று சொல்வார்கள். அது கட்டுக்கதை. குத்துச்சண்டையில் விழப்போகிறவரைச் சுற்று முடியும் மணி காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் 'ஹாட்ரிக்' தொப்பிக் கதைக்கு ஆதாரம் உண்டு. 1858-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீபன்சன் என்ற கிரிக்கெட் வீரர் அடுத்தடுத்த 3 பந்துகளில் 3 விக்கெட் எடுத்தபோது, பணம் திரட்டித் தொப்பி வாங்கித் தந்தார்கள்.

படிப்பவர் யார் என்று பாராதது

ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் ஒரு பந்து எகிறும், அடுத்தது தவழும். இக்கட்டான நிலையை 'ஸ்டிக்கி விக்கெட்' என்பது அதனால்தான். கிரிக்கெட் பார்க்காத அமெரிக்கருக்கு இந்தக் காட்சி மனதில் எழாது. அவர் பேஸ்பாலிலிருந்து எடுத்து, எதிர்பாராத சிக்கலைக் 'கர்வ்பால்' என்பார், உத்தேசக் கணக்கை 'பால்பார்க்' என்பார்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு விளையாட்டு

வேண்டாம்.

'கோல்போஸ்டை நகர்த்தினோம்' என்று எழுதுவது

இந்தத் தொடர் ஒரு குற்றச்சாட்டு. ஆட்டம் நடக்கும்போதே விதியை மாற்றி ஏமாற்றுகிறவரைச் சொல்வது. திட்டத்தில் சின்ன மாற்றம் என்று தெரிவிக்க, உங்கள் நிறுவனத்தைப் பற்றி நீங்களே இப்படி எழுதிவிடாதீர்கள்.