வேலூர் வெயிலில் தலை அலங்காரமும் கண் மையும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி முகூர்த்தத்துக்கு வீட்டிலேயே தலை வாரி, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு கிளம்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், ஓமப்புகைக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர், ஏசி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் தாலி கட்டுவதற்குள் மை கன்னத்துக்கு இறங்கிவிடும். கை வராததால் கெடுவது குறைவு. காய வேண்டியது காய்வதற்குள், ஆற வேண்டியது ஆறுவதற்குள் அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறோம். இங்கே சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தில் வருபவைதான்.

ஈரத் தலையில் மெஷின்

நல்ல நாள் என்றால் காலையில் தலைக்குக் குளிப்பது நம் வீட்டு வழக்கம். துண்டை அவிழ்த்த கையோடு ஸ்ட்ரெயிட்னரை எடுப்பது புது வழக்கம். இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகும். காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவிலேயே திரும்பச் சேர்ந்துகொள்ளும். சுருள் போடுவது, நேராக்குவது எல்லாமே இந்த ஒரு சமாச்சாரத்தை நம்பித்தான் நடக்கிறது. பிணைப்பு விட்டுப்போயிருக்கும் நேரத்தில் முடிக்குப் பலம் கம்மி. இழுத்தால் நீளும், கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அறும். அதன்மேல் சூடான தட்டை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழ்களாகிவிடும். சில வாரம் கழித்து முடி ஒடிவது அந்த இடங்களில்தான். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. முடி வேகிற சத்தம் அது.

முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்துவிட்டால் தொல்லையே இல்லை. காலையில்தான் குளிக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், மெஷின் ஆசையை விட்டுவிட்டுப் பின்னலோ கொண்டையோ போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் ஈரம் சொட்டச் சொட்ட இறுக்கிப் பின்ன வேண்டாம். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, விரலாலேயே சிக்கு எடுத்து, முக்கால்வாசிக்கு மேல் காய்ந்தபின் பின்னலாம்.

எண்ணெய் விஷயத்திலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் கழிந்துபோவதைக் குறைக்கும். அதனால் குளிப்பதற்கு முன் தேய்ப்பது நல்லது. குளித்த பிறகு பளபளப்புக்காகத் தடவிக்கொண்டு, அதன்மேல் மெஷினைப் போடுவதுதான் தப்பு. முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், போட்ட சுருளும் எண்ணெய்ப் பாரத்தில் தொங்கிவிடும். சூட்டைத் தாங்குவதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, அது காய்ந்தபின் மெஷினை எடுங்கள்.

மெஷினில் 230 டிகிரி வரை எண் இருக்கிறதே என்று கடைசி வரை திருக வேண்டிய அவசியம் இல்லை. மெல்லிய முடிக்கும் சாயம் அடித்த முடிக்கும் 150 டிகிரிக்குப் பக்கத்தில் போதும். அடர்த்தியான முடிக்கு 180. அதற்கு மேல் வைத்தால்தான் நேராகிறது என்றால், பெரும்பாலும் கையில் எடுத்திருக்கும் முடிக்கற்றை தடிமனாக இருக்கும். மெல்லிசாகப் பிரித்து, ஒரே தடவை நிதானமாக இழுங்கள். ஒரே கற்றையை ஐந்தாறு தடவை இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சுருள் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இன்னொன்று. சுருளை விடுவித்ததும் சூடாக இருக்கும்போதே விரலை விட்டுக் கலைத்துவிடுவார்கள். வடிவம் நிலைப்பது சூட்டில் இல்லை, ஆறும்போது. நம் ஊர் மே மாதத்தில் அறையே கொதிக்கும், ஆறுவதற்கும் நேரம் எடுக்கும். ஒவ்வொரு சுருளையும் உள்ளங்கையில் சுற்றி, தலையோடு சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் புடவை மடிப்பைப் பாருங்கள். கிளிப்பைக் கடைசியில் எடுத்தால் போதும்.

போர் தண்ணீர்

தலை அலங்காரம் நிற்கவில்லை, முடி சவுக்குக் கட்டை மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குளிக்கிற தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. பாலாற்றங்கரையில் இருந்தும் நமக்கு வாய்த்தது பல தெருக்களில் உப்புத்தண்ணீர் போர்தான். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். நுரையும் வராது. நுரை வரவில்லை என்று இன்னும் ஷாம்பு போடுவோம், முடி இன்னும் வறளும்.

முழுக் குளியலையும் நல்ல தண்ணீரில் குளிக்கச் சொல்லவில்லை, அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு? கடைசியாக அலசும்போது மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ இரண்டு சொம்பு ஊற்றினால் கையில் தொட்டாலே வித்தியாசம் தெரியும். முக்கியமான நாளுக்கு முந்தின குளியலில் இதைச் செய்துவிட்டால் சீரம் கூட அதிகம் தேவைப்படாது.

பூ, சவுரி, ஹேர்பின்

லாங்கு பஜாரில் பூ வாங்கி வந்து, வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைக்கிறோம். அந்தச் சரத்தை அப்படியே எடுத்து, ஒரு மணி நேரம் மெனக்கெட்டு நேராக்கிய தலையில் வைத்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் பிணைப்புதான். ஈரம் பட்ட இடம் மட்டும் பழைய வளைவுக்குத் திரும்பிவிடும், சுற்றிலும் சிலும்பி நிற்கும். வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே சரத்தை எடுத்து உதறி, உலர்ந்த துண்டின் மேல் போட்டுவையுங்கள். மல்லிகை அதற்குள் வாடிவிடாது.

கருப்பு ஹேர்பின்னில் ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் நெளிநெளியாகவும் இருக்கும். நெளி இருக்கும் பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் முடியைப் பிடிக்கும். பெரும்பாலும் நாம் அழகுக்கு என்று நெளியை வெளியே விட்டுவிட்டு, ‘பின் நிற்கவே மாட்டேங்குது’ என்று பத்துப் பின் சேர்த்துக் குத்துகிறோம்.

சவுரி வைத்துப் பின்னும்போது, நழுவாமல் இருக்க வேண்டுமே என்று முன்னந்தலையை இழுத்துக் கட்டுவது இன்னும் மோசம். நெற்றிப் பொட்டுப் பக்கம் வலித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். ஒரு நாள் கூத்துக்குப் பரவாயில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை இழுத்துப் பின்னும் பிள்ளைகளுக்கும், வேலைக்கு இறுக்கமாகக் கொண்டை போட்டுப் போகிறவர்களுக்கும் நெற்றியோரத்தில் முடி மெலிந்து, நாளடைவில் வேரே முளைக்காத நிலைக்குப் போகலாம். ‘இழுத்துக் கட்டினால்தான் முடி வளரும்’ என்று சொல்லும் பாட்டிகளிடம் இந்த ஒன்றில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். வளர்வது வேரில், அதுவும் மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான்.

கண்ணுக்கு வருவோம்

மை வழிகிறது என்றால் எல்லோரும் மையைத்தான் திட்டுவார்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்ததை நம்பி சாரதி மாளிகையில் வாங்கினேன், ஏமாற்றிவிட்டான் என்பார்கள். தண்ணீருக்குக் கரையாத மை எண்ணெய்க்குக் கரையும். கண்ணுக்குக் கீழே க்ரீம், சன்ஸ்க்ரீன் எல்லாம் பூசி, அது உள்ளே இறங்குவதற்குள் மை தீட்டினால் எந்த மையும் நிற்காது. பூசியபின் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்து, கண்ணுக்குக் கீழேயும் இமையின் மேலேயும் பவுடரை மிக லேசாகத் தட்டுங்கள். மை தீட்டியபின் அதே கருப்பில் ஐஷேடோவைச் சின்ன பிரஷ்ஷால் மேலே ஒற்றினால் அது மையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேலூர் வெயிலுக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

இன்னொரு தவறு, கீழிமையின் உள் ஓரத்தில், அந்த ஈரமான விளிம்பில் மையை அப்பி நிரப்புவது. கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. தினமும் அடைத்தால் கண் உறுத்தும், எரியும், கட்டியும் வரலாம். தினசரிக்கு மேலிமையில் முடி முளைக்கும் வரிசையை ஒட்டித் தீட்டினாலே கண் எடுப்பாகத் தெரியும். உள் ஓரத்து மை விசேஷ நாளுக்கு இருக்கட்டும்.

ஐலைனர் போடும்போது இமையை விரலால் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இழுத்த தோலில் நேராகத் தெரியும் கோடு, விட்டதும் நெளிந்துவிடும். முகவாயை லேசாகத் தூக்கி, கண்ணாடியைத் தாழ்ந்த பார்வையில் பாருங்கள். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. ஓரத்து வால் போடுவதானால் மட்டும் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி புள்ளி வைத்துக்கொண்டு, பிறகு இணைக்க வேண்டும். மூடிய கண்ணில் போட்ட வால், திறந்ததும் இமை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

மஸ்காராவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குச்சியைக் குழாய்க்குள் பம்ப் அடிப்பது போலக் குத்தாதீர்கள், காற்றும் கிருமியும் உள்ளே போய்ச் சீக்கிரம் உலரும். உலர்ந்துவிட்டது என்று எச்சிலோ தண்ணீரோ விடவே கூடாது. திறந்து மூன்று மாதமானால் குப்பைக்கு. இமைமுடியை வளைக்கும் கருவி மஸ்காராவுக்கு முன்னால், பின்னால் அல்ல. பின்னால் போட்டால் முடி கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம் மாநிறத்துக்கு வெள்ளை வெளேரென்ற பளபளப்பை இமையில் தடவினால் சாம்பல் பூத்தது போல இருக்கும். செம்பு, வெண்கலம், அரக்கு நிறங்கள் ஆரணிப் பட்டுக்கும் எடுக்கும், முகத்துக்கும் எடுக்கும். டியூப்லைட் அடியில் சரி பார்த்துவிட்டுக் கிளம்பாமல் வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். புருவத்துக்குக் கரி கருப்பு பென்சில் வேண்டாம், அடர் பழுப்பு போதும். த்ரெடிங்கை அன்றைக்கே செய்யாமல் இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டால் சிவப்பும் பொரிப்பும் அடங்கியிருக்கும்.

ஒரே மை, நான்கு கண்

கல்யாண வீட்டில் ஓரகத்தி, நாத்தனார், சித்தி பெண் என்று எல்லோரும் ஒரே காஜலைக் கை மாற்றிக்கொள்வது நமக்கு சகஜம். ‘எனக்குக் குடு அக்கா’ என்று கேட்கும்போது மறுக்கவும் முடியாது. ஆனால் மெட்ராஸ் ஐ பரவ இதைவிடச் சுலபமான வழி இல்லை. 1918-இல் சென்னையில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர் வந்த இந்தக் கண்நோய் பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது, தொட்டால் தொற்றும். மறுக்கச் சங்கடமாக இருந்தால் பென்சில் வகை மையைச் சீவி, புது முனையைக் கொடுங்கள். திரவ ஐலைனரும் மஸ்காராவும் கொடுக்கவே வேண்டாம். கண்நோய் வந்து குணமானவர்கள் அப்போது பயன்படுத்திய மையையும் பிரஷ்ஷையும் தூக்கிப் போட வேண்டும். காசு போகிறதே என்று வைத்திருந்தால் மறுபடி வர வாய்ப்புண்டு.

அலங்காரம் நடக்கும் அதே அறையில் கைக்குழந்தைக்கும் மை வைப்பார்கள். கண்ணுக்குள் வேண்டாம். சுர்மா என்ற கண் மைப்பொடி போன்ற சிலவற்றில் காரீயம் இருப்பது உறுதியான விஷயம், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டிலேயே விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மை என்றாலும் அது புகைக்கரிதான். திருஷ்டிக்குத்தானே, உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தால் போதாதா?

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்டபின் மை தீட்ட வேண்டும், லென்ஸைக் கழற்றியபின் மையைத் துடைக்க வேண்டும். ஒட்டு இமை வைக்கப்போகிறவர்கள் அந்தப் பசையை இரண்டு நாள் முன்பே முழங்கை உள்பக்கத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். கல்யாணத்தன்று காலையில் இமை வீங்கினால் மறைக்க வழியில்லை.

ராத்திரி வீடு திரும்பிய பிறகு

ரிசப்ஷன் முடிந்து பத்தரை மணிக்கு வந்து, அப்படியே படுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பொதுவான தவறு. கண் இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம். பஞ்சில் தேங்காய் எண்ணெயையோ மேக்கப் துடைப்பதற்கென்றே விற்கும் மைசெல்லர் வாட்டரையோ தோய்த்து, மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் வைத்துவிட்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் துடையுங்கள். மையே கரைந்து வரும். எண்ணெய் என்றால் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, பிறகு மென்மையான ஃபேஸ்வாஷில் முகத்தைக் கழுவிவிடுங்கள்.

தலையில் ஸ்பிரே அடித்து முடி விறைத்துக் கிடக்கும். பின்களை எல்லாம் எடுத்தவுடன் சீப்பைப் போட்டால் கொத்துக் கொத்தாக வரும். உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவி, நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே சிக்கெடுங்கள். தளரப் பின்னிக்கொண்டு தூங்கி, மறுநாள் அலசிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் கண் சிவந்திருந்தால் அன்றைக்கு மை வேண்டாம். வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, பார்வை மங்கலோ சேர்ந்து இருந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காமல் நேராகக் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.