ஏற்கப்பட்ட பிரதியை அழித்துவிடாதீர்கள்

காலாப்பட்டானாலும் அண்ணாமலை நகரானாலும், முதல் கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்டதும் ஆராய்ச்சி மாணவர் கைடுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். அடுத்து லேப்டாப்பில் கிடக்கும் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ' எல்லாவற்றையும் துடைத்துப் போடுவார். வினை அங்கேதான் தொடங்குகிறது. எழுத்துப் பிழை, மேற்கோள் வடிவத்தையெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார். இதையும் கீழே வரும் மற்ற தவறுகளையும் யாரும் பார்ப்பதில்லை.

கையில் இருந்ததைத் தொலைப்பது

கட்டுரைக்கு மூன்று பிறவி: முதலில் அனுப்பியது, ரெவ்யூவர் சொன்னபடி திருத்தி ஏற்கப்பட்டது, பதிப்பகம் பக்கம் கட்டி வெளியிட்டது. காப்பிரைட்டை எழுதிக் கொடுத்தபின் மூன்றாவதை நீங்களாக இணையத்தில் போட முடியாது. இரண்டாவதைப் போடப் பெரிய பதிப்பகங்கள் பலவும் பைசா வாங்காமல் விடுகின்றன. பெரும்பாலும் 12 முதல் 24 மாதம் பொறுக்க வேண்டும்; அந்தக் கணக்கு கட்டுரை வெளியான நாளிலிருந்து ஓடும்.

கெடு முடிந்து கேட்டால், லோகோ போட்ட பிடிஎஃப் மட்டுமே மிச்சம். அதை ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் ஏற்றி, நீக்கச் சொல்லி மெயில் வந்ததும் விழிப்பார்கள். இல்லையேல், ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைப்பது) என்றாலே லட்சக்கணக்கில் பீஸ் என்று நம்பிக் கடன் தேடுவார்கள். இலவசமாகக் கிடைத்த வழியைத் தாங்களே துடைத்துவிட்டு!

ஏற்பு மெயில் வந்த அன்றே, சப்மிஷன் தளத்திலிருந்து கடைசி வேர்டு கோப்பை இறக்குங்கள். டிராக் சேஞ்சஸ், ஓரக் குறிப்பு, வரி எண்களை நீக்குங்கள். தனித்தனியாக ஏற்றிய படங்களையும் அட்டவணைகளையும் உரிய இடத்தில் செருகுங்கள். அவசரத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கே. வெளியானதும் முதல் பக்கத்தில் இதழின் பெயரும் டிஓஐயும் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) சேர்த்து, பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ ஸெனோடோ என்ற இலவச இணையக் களஞ்சியத்திலோ ஏற்றுங்கள். எம்பார்கோ (பொறுக்க வேண்டிய கெடு) முடியும் தேதி கொடுத்தால் ஸெனோடோவில் அந்நாளில் தானே திறந்துகொள்ளும்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வாளரோடு எழுதுபவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஆய்வுச் செலவில் பாதியாவது அந்நாட்டுப் பொதுப் பணமாக இருந்தால், இணை ஆசிரியர்கள் சம்மதித்தால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 2016ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டப்படி அறிவியல் கட்டுரையை 6 மாதத்திலும் சமூக அறிவியல் கட்டுரையை 12 மாதத்திலும் திறக்கலாம்.

பழைய கேர் பட்டியல்

எந்த இதழை நம்பலாம் என்று சொன்ன இந்தப் பட்டியலை யூஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை அழியுங்கள்.

'ஏழே நாளில் அச்சேறும்'

அப்படி விளம்பரம் செய்யும் இதழே வேண்டாம்.

சின்னத்தை நம்புவது

இதழின் தளத்தில் டிஓஏஜே (ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் தளம்) சின்னம் ஒட்ட ஒரு நிமிடம் போதும். போலித் தளம் உண்மையான இதழின் ஐஎஸ்எஸ்என்னையே (இதழுக்கான அடையாள எண்) திருடிப் போட்டிருக்கும், ஆகவே எண் பொருந்துவதால் பயனில்லை. டிஓஏஜேயில் தேடி, அங்கே தந்திருக்கும் சுட்டி வழியாகவே இதழுக்குள் நுழையுங்கள்.

டாலர் கட்டிப் படிப்பது

முதலில் பிரவுசரில், கட்டுரையின் இலவசப் பிரதியைத் தேடித்தரும் அன்பேவால் நீட்சியைப் போடுங்கள். இன்னொருவர் அழிக்காமல் ஏற்றி வைத்த பிரதி இருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.